கல்லூரியில் ஒழுங்கு நடவடிக்கை: மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவை, விளக்கம் கேட்டுக் கல்லூரி தரும் மெமோ கைக்கு வந்து, வீட்டில் அழுகையும் கோபமும் ஒரு சுற்று முடிந்த பிறகே கேட்கப்படுகின்றன. அதற்குள் எழுத வேண்டிய விளக்கத்தை எழுதாமல் விட்டிருப்பார்கள். கையெழுத்திடக் கூடாத தாளில் கையெழுத்திட்டிருப்பார்கள். கலை அறிவியல் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் படிப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விதிகளை எதிர்த்து எழுதப்பட்டதல்ல இது. விதி வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்ததாகவும், நடவடிக்கை எழுத்தில் நடப்பதாகவும், மாணவர் சொல்வதைக் கேட்ட பிறகே தீர்ப்பு வருவதாகவும் இருக்க வேண்டும் என்பதே இதை எழுதுபவரின் உறுதியான எண்ணம்.

கல்லூரியின் விதிகள் எங்கே இருக்கின்றன? கையேட்டைப் படிக்கவில்லை என்று சொன்னால் ஏற்பார்களா?

ஏற்கமாட்டார்கள். சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழியில், கல்லூரியின் விதிகளுக்குக் கட்டுப்படுவதாக ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த விதிகள் ஆண்டுதோறும் தரப்படும் கையேட்டில் அச்சாகியிருக்கும். விடுதியில் தங்குபவர்களுக்குத் தனி விதித்தாள் உண்டு. வருகைப்பதிவு, தேர்வு ஆகியவற்றைப் பற்றிய விதிகள் பல்கலைக்கழகத்தினுடையவை. தன்னாட்சிக் கல்லூரிகள் அவற்றைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. இவற்றுக்கு மேலே பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளும், அவற்றுக்கும் மேலே சட்டமும் இருக்கின்றன. மேலே உள்ளதற்கு முரணாகக் கீழே உள்ளவர் விதி செய்ய முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ‘எங்கள் கல்லூரியில் இப்படித்தான்’ என்ற பதிலுக்கு எங்கே மறுமொழி இருக்கிறது, எங்கே இல்லை என்பது தெளிவாகும்.

ஐ.டி. கார்டு, உடை, செல்போன் போன்றவற்றுக்கெல்லாம் தண்டனை தரலாமா?

கல்லூரி வளாகத்தின் அன்றாட ஒழுங்குக்கு விதி வகுக்கும் உரிமை முதல்வருக்கு உண்டு. ஐ.டி. கார்டு அணியாதவரை வாயிலில் நிறுத்தலாம். வகுப்பில் ஒலித்த செல்போனை வாங்கி வைத்துப் பிறகு திருப்பித் தரலாம். ஆனால் சிறிய தவறுக்குச் சிறிய தண்டனைதான் பொருந்தும். கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தந்த தீர்ப்பு ஒன்று இங்கே பொருத்தமானது. கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை செல்போன் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை ஏற்க மறுத்த மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். இணையம் படிப்புக்கும் தேவையான ஒன்று, அதைப் பெறுவது உரிமையின் பகுதி என்று கூறி அந்த வெளியேற்றத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறர் படிப்பையும் உறக்கத்தையும் கெடுக்காமல் பயன்படுத்த வேண்டும் என்ற கடமையையும் அதே தீர்ப்பு மாணவிக்கு நினைவூட்டியது.

வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத விடாதது தண்டனையா?

அது தண்டனையல்ல, தகுதி பற்றிய விதி. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 விழுக்காடு வேண்டும். 65 முதல் 75 வரை இருப்பவர்களுக்குத் தக்க காரணமும் மருத்துவச் சான்றும் இருந்தால் கண்டொனேஷன், அதாவது குறைவைப் பொறுத்துத் தேர்வு எழுத அனுமதி, கிடைக்கும். அதற்கும் கீழே போனால் முதல்வர் மனம் வைத்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை. நோயிலிருந்து மீண்டு வந்த அன்றே மருத்துவச் சான்றைத் துறையில் கொடுத்துவிட வேண்டும். பருவத்தின் கடைசி வாரத்தில் கொண்டுவரும் சான்றை எந்தத் துறைத் தலைவரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். விளையாட்டு, என்.எஸ்.எஸ்., என்.சி.சி. ஆகியவற்றுக்குப் போனவர்கள் ஓ.டி. (கல்லூரிப் பணியாகச் சென்றதற்கான) படிவத்தில் ஆசிரியரின் கையெழுத்தை அந்த வாரத்திலேயே வாங்கிவிட வேண்டும். நண்பருக்காக ‘உள்ளேன்’ சொல்வதும், அவருடைய கையெழுத்தைப் போடுவதும் வருகைப் பிரச்சினையல்ல. அது ஏமாற்று வேலை. ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.

மெமோ வந்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

மெமோவை வாங்க மறுக்கக் கூடாது. மறுத்தால், மறுத்ததாகவே கோப்பில் எழுதப்படும். வாங்கிய தேதியைக் குறித்துக் கையெழுத்திட்டு, ஒரு படி எடுத்துக்கொண்டு, அதில் எந்த நாளில், எந்த இடத்தில், என்ன செய்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று நிதானமாகப் படிக்க வேண்டும். ‘ஒழுங்கீனமாக நடந்துகொண்டதற்கு விளக்கம் அளிக்கவும்’ என்று மட்டும் இருந்தால், குற்றச்சாட்டின் விவரத்தைத் தரும்படி மரியாதையாக எழுதிக் கேட்பதற்கு மாணவருக்கு முழு உரிமை உண்டு.

விளக்கத்தைக் குறித்த நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அதில் வேண்டுவது நடந்தது மட்டுமே. இலக்கண நடையோ, கல்லூரியின் பெருமையோ, குடும்ப வறுமையோ தேவையில்லை. எடுத்துக்காட்டாக, வளாகத்தில் நடந்த ஒரு கைகலப்பில் பெயர் சேர்க்கப்பட்ட மாணவர் இப்படி எழுதலாம்: ‘அன்று மாலை 4 மணி அளவில் நான் வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தேன். மாணவர்கள் இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டபோது விலக்கப் போனேன். நான் தள்ளியதில் ஒருவர் கீழே விழுந்தார், அதை மறுக்கவில்லை. அதன் பிறகு யாரையும் நான் அடிக்கவில்லை. கேண்டீன் ஊழியர் அருகிலிருந்து பார்த்தார். அவரை விசாரிக்க வேண்டுகிறேன்.’ செய்ததை ஒப்புக்கொண்டு, செய்யாததை மறுத்து, சாட்சியையும் சுட்டுகின்ற இப்படிப்பட்ட ஆறு வரிகள், ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று மூன்று பக்கம் எழுதுவதைவிடக் குழுவின் முன் எவ்வளவோ அதிகம் எடைபெறும். கொடுத்ததற்கு அலுவலகத்தில் முத்திரையிட்ட படி ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலிலோ, கல்லூரியின் மின்னஞ்சலுக்கோ இன்னொரு படியை அனுப்பிவிடலாம்.

‘அபாலஜி லெட்டர் எழுதிக் கொடு, விட்டுவிடுகிறோம்’ என்கிறார்கள். எழுதலாமா?

தவறு செய்திருந்தால் எழுதலாம், எழுதுவதே நல்லது. ஆனால் செய்த தவறை மட்டுமே குறிப்பிட்டு, தன் சொற்களில், தேதியிட்டு எழுத வேண்டும். பிறர் சொல்லச் சொல்ல எழுதுவதும், வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுத் தருவதும் கூடாது. ‘இனி என்ன தவறு செய்தாலும் எந்த விசாரணையும் இன்றி என்னை நீக்கலாம்’ என்ற வரி பல கல்லூரிகளில் வழக்கமாகச் சேர்க்கப்படுகிறது. பயத்தில் இருக்கும் பிள்ளையிடம் இப்படி ஒரு வரியை வாங்கி வைப்பது ஆசிரியர்களாகிய நாம் செய்யத் தகாத காரியம். விசாரணைக்கான உரிமை அந்த ஒரு வரியால் அழிந்துவிடுவதும் இல்லை. செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால் அது ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் தங்கிவிடும் என்பதைப் பெற்றோரும் உணர வேண்டும். ‘எப்படியாவது முடித்துவிடு’ என்று பிள்ளையை வற்புறுத்துவது பல நேரங்களில் அவர்கள்தாம்.

விசாரணைக் குழு எப்படி நடக்க வேண்டும்? வழக்கறிஞரை அழைத்துப் போகலாமா?

குழுவில் பொதுவாக மூத்த ஆசிரியர்கள் சிலர் இருப்பார்கள். புகார் கொடுத்தவரே குழுவில் உட்காரக் கூடாது என்பது அடிப்படை. குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், அதற்கான சான்றைக் காட்ட வேண்டும், மாணவரின் பதிலைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், காரணத்தோடு முடிவை எழுத வேண்டும். இந்த நான்கும் இருந்தால் நியாயம் நடந்ததாகக் கொள்ளலாம். வழக்கறிஞரை அனுமதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெற்றோர் உடன் வருவதைப் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்கின்றன.

உச்ச நீதிமன்றம் இதில் நெடுங்காலமாகத் தெளிவாக இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் இன்டர்மீடியட் தேர்வு எழுதிய மூவரின் முடிவுகளை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தேர்வு வாரியம் ரத்து செய்தது செல்லாது என்று 1962-ல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம், கல்லூரி விசாரணையைக் குற்றவியல் நீதிமன்றம்போல் நடத்த வேண்டியதில்லை என்றும் சொல்லியிருக்கிறது. ராஞ்சி ராஜேந்திர மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் சிலர் இரவில் மகளிர் விடுதிக்குள் நுழைந்து அத்துமீறிய வழக்கில், மாணவிகளின் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இல்லாதபோது பதிவு செய்ததும், அந்த மாணவிகளைக் குறுக்கு விசாரணை செய்ய விடாததும் சரியே என்று 1973-ல் முடிவு செய்தது. நேருக்கு நேர் நிறுத்தினால் அந்த மாணவிகள் அதன் பிறகு அச்சமின்றிப் படிக்க முடியாது என்பதே காரணம். குற்றச்சாட்டு என்ன என்பதும், பதில் சொல்லும் வாய்ப்பும் அந்த மாணவர்களுக்கு மறுக்கப்படவில்லை என்பதைச் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

விசாரணை முடியும் முன்பே சஸ்பெண்ட் செய்யலாமா?

மாணவர் வளாகத்தில் இருந்தால் மேலும் சண்டை வரும், சாட்சிகள் மிரட்டப்படுவார்கள் என்ற நிலை இருந்தால் செய்யலாம். அது தண்டனையல்ல, தற்காலிக ஏற்பாடு. ஆகவே கால வரம்பு இருக்க வேண்டும், விசாரணையும் உடனே தொடங்க வேண்டும். ‘மறு உத்தரவு வரும் வரை’ என்று எழுதிவிட்டு வாரக் கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்தால், விசாரணையே இல்லாமல் ஒரு பருவத்தைப் பறித்ததாகிவிடும். அந்த நாட்களின் வருகைப்பதிவு எப்படிக் கணக்கிடப்படும், இன்டர்னல் தேர்வு வந்தால் என்ன செய்வது என்ற இரண்டையும் சஸ்பென்ஷன் ஆணை கிடைத்த அன்றே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

தேர்வு அறையில் பிட் பிடிபட்டால் என்ன நடக்கும்?

அறைக் கண்காணிப்பாளர் அந்தத் துண்டுத் தாளையும் விடைத்தாளையும் வாங்கிக்கொள்வார். துண்டுத் தாளில் மாணவரின் பதிவெண்ணை எழுதிக் கையெழுத்து வாங்குவார். நடந்ததை மாணவரே தன் கையால் எழுதித் தரும்படி சொல்வார். இவை அனைத்தும் உறையிலிடப்பட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போகும். பிறகு ஒரு நாளில் முறைகேடு விசாரணைக் குழு அழைக்கும். தண்டனையை முடிவு செய்வது அந்தக் குழுதான். அறையில் இருக்கும் ஆசிரியரோ முதல்வரோ அல்லர். எனவே அவர்கள் காலில் விழுவதில் பயனில்லை. அந்தத் தாள் மட்டும் ரத்தாவதிலிருந்து, அந்தப் பருவத்தின் எல்லாத் தாள்களும் ரத்தாவது, அடுத்து வரும் தேர்வுகளை எழுதத் தடை என்பது வரை தண்டனை உண்டு. ஆள்மாறாட்டத்துக்கு இவற்றினும் கடுமையாக இருக்கும். போலீஸ் வழக்கும் வரும்.

அறையில் எழுதித் தரும் அந்த ஒரு பக்கம் மிக முக்கியமானது. கை நடுங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், ‘தாள் என் சட்டைப் பையில் இருந்தது, அதைப் பார்த்து எழுதவில்லை’ என்பதே உண்மையானால் அதைத்தான் எழுத வேண்டும். வைத்திருந்ததற்கும் பார்த்து எழுதியதற்கும் தண்டனையில் வேறுபாடு இருக்கும் இடங்கள் பல. ஒரு தேர்வு மையமே கூட்டாகப் பார்த்தெழுதிய நிலையில் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்கத் தேவையில்லை என்று பீகார் வழக்கு ஒன்றில் 1970-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அது முழு மையத்துக்கும் தேர்வை ரத்து செய்வது பற்றியது; தனி ஒருவரைக் குற்றவாளி என்று சொல்வதற்கு அதை மேற்கோள் காட்ட முடியாது.

ராகிங் என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

‘பெயர் கேட்டோம், பாடச் சொன்னோம், வேறொன்றும் செய்யவில்லை’ என்பதே சீனியர் மாணவர்களின் வழக்கமான பதில். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இந்த வாதத்துக்கு இடமே வைக்கவில்லை. வெட்கமோ அவமானமோ உண்டாக்கும் எந்தச் செயலையும் செய்யச் சொல்வது, கிண்டலான சொல், பணம் பறித்தல், படிப்புக்கு இடையூறு ஆகிய அனைத்தும் ராகிங்தான். தன் ரெக்கார்டு நோட்டையும் அசைன்மென்ட்டையும் ஜூனியரை எழுதித் தரச் சொல்வதும் அதில் அடங்கும் என்பதைப் பல மாணவர்கள் அறியவே மாட்டார்கள்.

தமிழ்நாடு இதில் நாட்டுக்கே முன்னால் சென்ற மாநிலம். அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியர் மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து உடனே அவசரச் சட்டமும், பிறகு 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமும் வந்தன. குற்றம் உறுதியானால் 2 ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டிக்கப்பட்ட மாணவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார், வேறு எந்தக் கல்வி நிலையத்திலும் சேர முடியாது. புகார் வந்தவுடன் விசாரித்து, உண்மையென்று தெரிந்தால் அந்த மாணவரைச் சஸ்பெண்ட் செய்து, புகாரைக் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது கல்லூரித் தலைவரின் சட்டக் கடமை. செய்யத் தவறினால் அவரே அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகக் கருதப்படுவார். ‘கல்லூரிப் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பேசி முடிப்போம்’ என்று சமரசம் பேசும் நிர்வாகங்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும்.

முதலாண்டு மாணவருக்கு இரவில் விடுதி அறையில் நடப்பதை மறுநாள் காலையில் வார்டனிடம் சொல்ல வாய் வராது என்பது இயல்பே. அதற்காகத்தான் நாடு முழுவதற்குமான 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. பெயரை வெளியிடாமலும் புகார் செய்யலாம். பெற்றோரும் சக மாணவரும்கூடப் புகார் தரலாம். குற்றவியல் சட்டத்தின்கீழ் வழக்குக்கு உரியதானால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவர் போலீசில் முதல் தகவல் அறிக்கை பதிவாகச் செய்ய வேண்டும் என்று 2009 ஒழுங்குமுறை கூறுகிறது. கல்லூரி தரும் தண்டனைகள் வகுப்புத் தடை, உதவித்தொகை நிறுத்தம், விடுதியிலிருந்து நீக்கம், ஒன்று முதல் நான்கு பருவங்கள் வரை விலக்கி வைத்தல், முற்றாக நீக்குதல் என்று படிப்படியாக உயர்கின்றன. செய்தவர் யார் என்று கண்டறிய முடியாதபோது கூட்டாகத் தண்டிக்கவும் அந்த ஒழுங்குமுறை இடம் தருகிறது. மற்ற விஷயங்களில் ஒருவர் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிப்பது தவறு. ராகிங்கில் மட்டும், வேடிக்கை பார்த்து மௌனம் காத்தவர்களைப் பேசவைக்க வேறு வழியில்லாததால், இந்த விதிவிலக்கைப் புரிந்துகொள்ள முடிகிறது.

மாணவிக்குத் தொல்லை கொடுத்ததாகப் புகார் வந்தால் அதே ஒழுங்குக் குழுதான் விசாரிக்குமா?

இல்லை. அதற்கு உள்ளகப் புகார்க் குழு என்ற தனிக் குழு உண்டு. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் அதைக் கட்டாயமாக்கியுள்ளன. மூத்த ஆசிரியை ஒருவர் தலைமை வகிப்பார். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் மாணவர் பிரதிநிதிகளும் மூவர் இடம்பெறுவர். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணமிருந்தால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். விசாரணைக் காலத்தில் புகார் கொடுத்தவரின் பெயர் வெளியே வரக் கூடாது. மாணவியின் அப்பாவை வரவழைத்து ‘உங்கள் பெண்ணைக் கொஞ்சம் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்’ என்று அறிவுரை சொல்வது விசாரணையல்ல. அது புகாரைப் புதைப்பது. நிரூபிக்க முடியாமல் போன புகார் என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்பதையும் விதி தெளிவாகச் சொல்கிறது. குற்றம் உறுதியானால் நீக்கம் வரை தண்டனை உண்டு. சிறிய அளவிலானவற்றுக்குக் கட்டாய உளவியல் ஆலோசனையும் சமூகப் பணியும் விதிக்கலாம்.

பேருந்திலும் ரயிலிலும் நடக்கும் மோதலுக்குக் கல்லூரி நடவடிக்கை எடுக்க முடியுமா?

முடியும். கல்லூரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு, கல்லூரிக்கு வரும் வழியில் நடப்பது வாயிலுக்கு வெளியே நடந்தது என்பதாலேயே கல்லூரிக்குத் தொடர்பற்றதாகிவிடாது. சென்னையில் மாணவர்கள் தாங்கள் வரும் பேருந்தில் நடத்தும் ‘பஸ் டே’ கொண்டாட்டத்துக்கு 2011-லேயே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆனாலும் 2019 ஜூனில் பேருந்துக் கூரையிலிருந்து மாணவர்கள் சரிந்து விழுந்ததையும், அடுத்த மாதமே அரும்பாக்கத்தில் பட்டாக்கத்தியோடு பேருந்துக்குள் ஏறித் தாக்கியதையும் ஊரே பார்த்தது. 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர், பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் சிலர் சென்ட்ரல் அருகே தாக்கியதில் காயமடைந்து சில நாட்களில் உயிரிழந்தார்.

ஒரு பேருந்து அல்லது ரயில் தடத்து மாணவர்களின் தலைவரைக் குறிக்கும் ‘ரூட் தல’ என்ற பட்டத்துக்காக உயிரை எடுக்கும் அளவுக்குப் போகும் இந்தப் பிள்ளைகளில் பலர், திருத்தணி, கும்மிடிப்பூண்டி போன்ற தடங்களில் நெடுந்தொலைவு பயணம் செய்து படிக்க வருபவர்கள். பல வீடுகளில் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை. டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் கல்லூரிக்குத் தலைவலி தீரும். அந்த வீட்டில் படிப்பு அதோடு நின்றுவிடும். கத்தி எடுத்தவருக்கும் கூட்டத்தில் நின்று கானா பாடியவருக்கும் ஒரே தண்டனை தருவதை ஒழுங்குக் குழுக்கள் நிறுத்த வேண்டும். போலீசார் இத்தகைய மாணவர்களிடம் நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். அந்தப் பத்திரத்தில் குறித்த காலத்துக்குள் மீண்டும் தவறு செய்தால் சிறைக்குப் போக நேரும் என்பதால், அதை வெறும் கையெழுத்தாக எண்ணிவிடக் கூடாது.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால்?

கல்லூரி ஒழுங்கு நடவடிக்கையோடு முடிந்துபோகும் செய்தியல்ல இது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குக்கும் இடமுண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, கல்வி நிலையங்களில் சாதி வன்முறையைத் தடுக்கும் வழிகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றி அடையாளங்களையும் மாணவர்கள் அணியக் கூடாது என்று பரிந்துரைத்தது. மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறத்தை வைத்து யார் யாரோடு சாப்பிட உட்காருவது என்று முடிவாகும் இடத்தில், அந்தக் கயிற்றைக் கழற்றச் சொல்வது சிறிய விதியல்ல.

போராட்டத்தில் கலந்துகொண்டதற்கு நடவடிக்கை எடுக்கலாமா?

கருத்துச் சொன்னதற்காகவோ, அமைதியாகக் கூடியதற்காகவோ எடுக்கக் கூடாது. பிறரை வகுப்புக்குப் போக விடாமல் தடுத்தது, பொருளைச் சேதப்படுத்தியது, ஆசிரியரை மறித்து வைத்தது போன்ற குறிப்பிட்ட செயல்களுக்கு எடுக்கலாம். குடிநீர் வரவில்லை, கழிப்பறை சரியில்லை என்று மனு கொடுத்தவர்களைத் ‘தூண்டிவிட்டவர்கள்’ என்று பட்டியலிடுவது ஒழுங்கு நடவடிக்கையே அல்ல. மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்க விரும்புபவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: மாணவர் தேர்தல்கள் பற்றி ஆராய்ந்த லிங்டோ குழுவின், 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற பரிந்துரைகளின்படி, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர் வேட்பாளராக முடியாது.

போலீஸ் வழக்கு நடக்கும்போது கல்லூரியும் தனியே தண்டிக்கலாமா?

தண்டிக்கலாம். இரண்டும் வேறு வேறு நடவடிக்கைகள். நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். கல்லூரியில் நடந்திருக்கக் கூடியது எது என்று நியாயமாகத் தெரிந்தால் போதும். போதைப்பொருள் வழக்குகளில் இந்த இரட்டை நடவடிக்கை அடிக்கடி வருகிறது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ல் இயற்றப்பட்ட, நாடு முழுவதற்குமான சட்டம். மாணவர்களின் பைகளைச் சோதிக்கும் கல்லூரிகள், வாயிலுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடை பற்றியும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

முடிவு அநியாயம் என்று தோன்றினால் யாரிடம் முறையிடுவது?

முதலில் ஆணையின் படியை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்மொழியாக ‘நாளை முதல் வராதே’ என்பது ஆணையல்ல. அடுத்து, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர்க் குழுவுக்கு எழுதலாம். அக்குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதிலும் நிறைவில்லையென்றால் முடிவு கிடைத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்; அவர் 30 நாட்களில் தீர்க்க வேண்டும். ராகிங் வழக்கில் இணைப்புக் கல்லூரியின் ஆணைக்கு எதிராகத் துணைவேந்தரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் விசாரணை அறிக்கையின் படியைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம்.

கடைசி வழி, சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ரிட் மனு. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானத்தைப் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நீதிமன்றம் பெரும்பாலும் முறையைத்தான் பார்க்கும்: நோட்டீஸ் தந்தார்களா, பதிலைக் கேட்டார்களா, தவறுக்கும் தண்டனைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று ஆராயும். முத்திரையிட்ட அந்த விளக்கக் கடிதத்தின் படி அப்போது தேவைப்படும்.

அபராதம் கட்டும் வரை சான்றிதழைத் தரமாட்டோம் என்கிறார்கள். டி.சி.யில் நடத்தை பற்றி மோசமாக எழுதுவார்களா?

மாணவர் தொடர விரும்பாத படிப்புக்குக் கட்டணத்தை வசூலிக்கும் பொருட்டுச் சான்றிதழ்களைத் திருப்பித் தர மறுப்பதையே 2023 ஒழுங்குமுறை ஒரு குறையாக வரையறுத்திருக்கிறது. மாணவரின் சான்றிதழை அடமானம்போல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உயர் நீதிமன்றமும் பலமுறை கூறியிருக்கிறது. பாக்கி இருந்தால் அதை வசூலிக்கக் கல்லூரிக்கு வேறு வழிகள் உண்டு.

டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் பெரும்பாலும் ‘நன்று’ என்றே எழுதுவார்கள். விசாரித்து, எழுத்தில் ஆணையிட்டுத் தண்டித்த செயல் எதுவும் கோப்பில் இல்லாதபோது அந்த இடத்தைக் காலியாக விடுவதும், ‘திருப்தி இல்லை’ என்று எழுதுவதும், விசாரணையின்றித் தண்டிப்பதற்குச் சமம். அதை எதிர்த்தும் மேற்சொன்ன குழுவிடம் முறையிடலாம். ஒருமுறை தண்டனை பெற்று, அதை முடித்து, பிறகு ஒழுங்காகப் படித்து முடித்த மாணவருக்கும் ‘நன்று’ என்று எழுதித் தரும் முதல்வர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களும் அப்படியே செய்ய வேண்டும். டி.சி.யைக் கையில் வாங்கியதும் பெயர், பிறந்த தேதி, சாதிக் குறிப்பு, நடத்தை ஆகிய நான்கையும் அலுவலகக் கவுண்டரில் நின்றபடியே படித்துப் பார்த்து, பிழை இருந்தால் அங்கேயே திருத்தக் கேட்க வேண்டும். திருத்த மறுத்தால் அன்றைக்கே முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, அதற்கும் முத்திரையிட்ட படியை வாங்கிக்கொள்ள வேண்டும்.